தேர்க் கட்டையும் என் தாடையும்

நாற்பத்திரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எட்டு வருஷம் வாயால் பிழைத்தவன் நான். ஆணி வாங்க வந்தவரிடம் சுத்தியலையும் சேர்த்து விற்றுவிடுவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் கூடிச் சிரித்தால், நடுவில் மகேந்திரன் நிற்கிறான் என்று அம்மா உள்ளே இருந்தபடியே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட வாயை டொக்டர்மார் கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டவேண்டிய வாய்தான் என்று இப்போது எனக்கே தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் தாடை உடைந்த பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் பைக்கில் இருந்து விழுந்தவர்கள். பைக்கே இல்லாதவனும் பைக்கில் இருந்துதான் விழுந்திருப்பான். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பொகவந்தலாவைக்கு மேலே. மேல்டிவிசன், கீழ்டிவிசன் என்று இரண்டு பிரிவு, நடுவில் கோயில். திருவிழாவில் தேர் ஒரு வருஷம் மேலே முதலில் போகும், அடுத்த வருஷம் கீழே முதலில் போகும். நான் அடி வாங்கிய திருவிழாவுக்கு முந்தின வருஷம் மண்சரிவில் பாதை மூடிக் கிடந்ததால் திருவிழாவே நடக்கவில்லை. அதில்தான் சிக்கல் வந்தது. நடக்காத வருஷம் எங்கள் முறை, அது இன்னும் பாக்கி இருக்கிறது என்றார்கள் கீழ்டிவிசன்காரர்கள். நடக்காவிட்டாலும் வருஷம் போனது போனதுதான், இது எங்கள் முறை என்றோம் நாங்கள். பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் பேசவில்லை. தேர் முச்சந்திக்கு வந்து நின்றுவிட்டது.

அங்கே பாதை சரிவு. தேர் நின்றால் பின்சில்லுக்குக் கட்டை கொடுக்கவேண்டும். நீளக் காம்பு வைத்த கனத்த மரக்கட்டை அது. பதினைந்து வயதில் இருந்தே அந்த வேலையைச் செய்பவன் கீழ்டிவிசன் சிவராஜ். கயிறு இழுக்க நூறு பேர் வருவார்கள், கட்டை போட அவன் ஒருவன்தான். குனிந்தபடியே வருவான், தலையைத் தூக்கி சாமியைக்கூடப் பார்க்கமாட்டான்.

சிவராஜ் என் சிநேகிதன். வெறும் சிநேகிதன் இல்லை. கொழும்பில் நாங்கள் இருவரும் ஒரே கடை. கடைக்கு மேலே சாமான் அடுக்கும் பரணில் ஒரே பாயில் படுத்தோம், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றோம். கொழும்பில் யாராவது கேட்டால் ஒரே தோட்டத்துப் பையன்கள் என்போம். திருவிழாவுக்கு முதல்நாள் ஒரே பஸ்ஸில்தான் வந்து இறங்கினோம். முச்சந்தியில் அவன் கீழே போனான், நான் மேலே ஏறினேன். அந்த இடத்தில் இருந்து நாங்கள் இரண்டு டிவிசன்.

அன்றைக்கு முச்சந்தியில் வாய்ச்சண்டை. எங்கள் பக்கத்துக்கு வாய் யார், நான்தான். நான் பேசப் பேச எங்கள் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்கு ஏறியது. சிவராஜ் கட்டையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, மகேன், போதும்டா என்றான். அவன் அப்படிச் சொன்னதற்கும் எங்கள் பக்கத்தில் ஒருத்தன் சிரித்தான். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

கடையில் நடந்த ஒரு விஷயம் அது. ஒருநாள் எங்களில் ஒருவன் தப்பான அளவுக் குழாயை எடுத்துக் கொடுத்துவிட்டான். வாடிக்கையாளர்கள் பார்க்க முதலாளி அவன் கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கியவன் கையைக் கட்டிக்கொண்டு, சரி முதலாளி என்றான். அன்று மத்தியானம் மற்றவன் வெளியே போய் கிழங்கு ரொட்டி வாங்கிவந்து பாதியைக் கொடுத்தான். அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த அறையை எடுத்து நான் முச்சந்தியில் வைத்தேன். முதலாளியிடம் அறை வாங்கிக்கொண்டு கையைக் கட்டி நின்ற சிவராஜ் எங்களுக்கு முறை சொல்ல வருகிறானா என்றேன். இரண்டு டிவிசனும் கேட்டது. அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

கட்டை என் இடது தாடையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

விழுந்து கிடந்தபடி நான் ஒன்றைப் பார்த்தேன். சண்டை பார்த்துக்கொண்டிருந்ததில் கயிற்றுக்காரர்கள் பிடியை விட்டிருந்தார்கள். கட்டை இல்லாத சில்லு ஒரு சாண் பின்னால் வந்தது. பின்னால் அர்ச்சனைத் தட்டோடு சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். என்னை அடித்த அதே கட்டையோடு சிவராஜ் முழங்காலில் விழுந்து சில்லுக்குக் கீழே செருகினான். எங்கள் பையன்கள் நாலு பேர் அவன் முதுகில் மிதித்தார்கள். அவன் கட்டையில் இருந்து கையை எடுக்கவில்லை. யாரோ ஓடிவந்து கயிற்றைப் பிடிக்கும்வரைக்கும் அப்படியே அடிவாங்கிக்கொண்டு கிடந்தான். பிறகு பொலிஸ் அவனைக் கூட்டிப்போனது, என்னை லொறியில் ஏற்றினார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, இது இங்கே ஆகாது என்றார்கள். அங்கே இங்கே மாற்றி, கடைசியில் நாலு மணி நேரம் தள்ளி இருக்கிற பெரியாஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன். எக்ஸ்ரே எடுக்க என்னை ஒரு இயந்திரத்தின் முன்னால் நிற்கவைத்தார்கள். அது தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, இந்தக் காதில் இருந்து அந்தக் காது வரைக்கும் தாடையைப் படமாகக் கொடுத்தது. அடி விழுந்தது இடப்பக்கம். படத்தில் வலப்பக்கமும் உடைந்திருந்தது. எனக்குப் புரியவில்லை. டொக்டர் அம்மா சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசுவார். தன் கையைக் காட்டி, கண்ணாடி வளையலை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கமும் உடையும், கீழ்த்தாடையும் அப்படித்தான் என்றார்.

மூன்றாம் நாள் ஒப்பரேஷன். ஒரு பக்கம் சின்னத் தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள். பிறகு மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். எலும்பு ஒட்டும்வரைக்கும் தாடை அசையக்கூடாதாம். மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்கப் பார்த்தேன். பல் திறக்கவில்லை. பாடையில் கட்டியதுபோல ஒரு பயம் வந்தது. நர்ஸ் மிஸ் என் கையைப் பிடித்து, மூக்கால மூச்சு விடுங்க என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னக் குறடு தொங்கியது. கம்பி வெட்டும் குறடு. எனக்கு வாந்தி வந்தால் அது வெளியே போக வழியில்லை, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அப்படி வந்தால் யார் பக்கத்தில் இருந்தாலும் முன்னால் உள்ள நாலு கம்பியையும் வெட்டிவிட வேண்டும். மிஸ் இதை அம்மாவுக்குச் செய்துகாட்டினார். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள், விரல் நுனியில் வேலை தெரிந்தவள். அந்தக் குறட்டைத் தொடும்போது மட்டும் அவள் கை நடுங்கியது. என் கையை எடுத்து அவள் கைமேல் வைத்துக்கொண்டு நாலு தடவை வெட்டிப் பழகினாள், காற்றில்.

சாப்பாடு என்றால் ஊசிக்குழலில் ரப்பர் குழாய் மாட்டி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உள்ள சந்து வழியாகக் கஞ்சியை ஏற்றவேண்டும். பெரியம்மா மகள் வீடு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. அந்த அக்கா கஞ்சியைப் பழைய சீலைத்துணியில் மூன்று தடவை வடிகட்டிப் போத்தலில் அனுப்புவாள். அதில் கொஞ்சம் ரசம் கலந்திருப்பாள், நாக்குக்கு ஊர் ஞாபகம் வரட்டும் என்று. நான் ஏங்கியது ரொட்டிக்கு. கருகிய ஓரம் உள்ள கோதுமை ரொட்டி, மிளகாய் இடித்த கட்டைச்சம்பல், கடிக்கும்போது வருகிற அந்தச் சத்தம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பதினாறு நாளும் என் கண் முன்னால் எதையும் மென்றதில்லை. வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்தபடி இரண்டு வாய் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவாள்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. உடைந்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது என்றார்கள். நாளுக்கு மூன்று தடவை நரம்பில் மருந்து ஏறியது. அதனால்தான் வாரக்கணக்கில் கிடக்கவேண்டி வந்தது.

எங்கள் மூலையில் நாலு கட்டில், நாலிலும் தாடை கட்டிய ஆட்கள். ஒருவனுக்கும் முப்பது வயதாகவில்லை. நாலு பேருடைய ஆஸ்பத்திரி அட்டையிலும், விழுந்தது என்றே எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டில் சமிந்த, கினிகத்தேனைக்காரன், மினிபஸ் கண்டக்டர். அவனும் வாயால் பிழைக்கிறவன். ஊர்ப்பெயர்களைக் கூவ முடியாமல் என்னைப்போலவே கடுப்பில் கிடந்தான்.

டொக்டர் அம்மா ஒருநாள் காலை எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு கொப்பி கொடுத்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. அடி விழுவதற்கு முந்தின ஒரு நிமிஷத்தை எழுதுங்கள் என்றார். நான் எழுதினேன்: தேர் முறை பற்றிப் பேச்சு, வாய்த்தகராறு, அடி. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பொலிஸுக்கு எழுதினது. எனக்கு எழுதுங்கள். எலும்பை நான் கட்டுவேன். திரும்ப வந்தால் திரும்பவும் கட்டுவேன். எனக்கு அலுத்துப்போச்சு."

சமிந்தவுக்கு எழுதப் பிடிக்கவில்லை போல. படம் போட்டான். நடுவில் இரண்டு குச்சி மனிதர்கள். ஒருவன் கை ஓங்கியிருக்கிறான். சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னக் குச்சி மனிதர்கள், எண்ணமுடியாத அளவுக்கு. கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, படம் வாசிக்கத் தெரியும். நானும் என் கொப்பியில் அதையே போட்டேன். என் வட்டத்தில் ஒரு தேர் மட்டும் கூடுதலாக இருந்தது. அவன் வட்டத்தில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டுக் காட்டினான். இவன் சிரித்தான், இவன் கைதட்டினான், இவன் போனில் படம் எடுத்தான் என்று கையாலேயே நடித்தான். யாரும் இல்லாத இடத்தில் நாங்கள் இருவரும் இப்படி உடைந்திருப்போமா என்று யோசித்தேன். நானும் சிவராஜும் தனியாக நின்றிருந்தால் அந்த முறைப் பேச்சு இரண்டு பீடி எரிவதற்குள் முடிந்திருக்கும்.

இன்னொன்றும் அந்தக் கட்டிலில் கிடந்துதான் விளங்கியது. கடையில் வருஷம் முழுக்க நாங்கள் சரி முதலாளி, சரி முதலாளி என்று விழுங்குகிறோம். ஊருக்கு வரும் பஸ் ஹட்டனைத் தாண்டியதும் நெஞ்சு நிமிர்கிறது. விழுங்கினதையெல்லாம் கக்க இடம் வேண்டும். முதலாளியிடம் கக்க முடியாது. சொந்தத் தோட்டத்தானிடம்தான் முடியும்.

பார்வையாளர் நேரத்தில் மணி அடித்ததும் வாசலில் கூட்டம் நெருக்கும். அம்மா வருவாள் என்று தெரியும். என் கண் தேடியது சிவராஜ் எப்போதும் போடுகிற மஞ்சள் தொப்பியை. ரிமாண்ட் சிறைக்குள் கிடப்பவன் எப்படி வருவான். தெரிந்தும் தேடினேன். பகலில் தூக்கம் வரும்போது பரணில் அவன் குறட்டை கேட்பதுபோல இருக்கும். இவ்வளவு வலியிலும் அவனுக்குத்தான் ஏங்கினேன், இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். அடித்தவனுக்காக ஏங்குகிறான் பார் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பதினாலாம் நாள் வியாழக்கிழமை தினேஷ் வந்தான். என் சித்தப்பா மகன். கூடவே எங்கள் லயத்துப் பையன்கள் நாலு பேர். அம்மா போத்தல் கழுவப் போயிருந்த நேரம். முந்தின நாள் சிவராஜ் பிணையில் வந்துவிட்டானாம். ஞாயிறுதோறும் பொலிஸில் கையெழுத்து வைக்கவேண்டுமாம். வரும் ஞாயிறு முதல் தடவை. போகும்போது பாதையில் ஆள் இருக்கும், திரும்பி வரும்போது குறுக்குப்பாதையில், அடியில் தண்ணீர் ஓடுகிற போக்கு இருக்கிற வளைவில் ஒரு ஈ காக்கை இருக்காது. இவ்வளவையும் தினேஷ் காதோடு சொன்னான்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

ஐந்து பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்தப் பார்வைக்கு முன்னால் இல்லை என்று ஆட்டினால் என்னை என்னவென்று நினைப்பார்கள் என்ற ஒரு நினைப்புத்தான். வேறு காரணம் கிடையாது. அவர்கள் போன பிறகு சமிந்த என்னைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் விளங்காது. தன் கொப்பியை எடுத்து, அந்த வட்டத்தைத் திறந்து என் பக்கம் பிடித்தான்.

அம்மா வந்ததும் சொன்னேன். கட்டிய பல்லுக்கு நடுவால் பேசினால் பாதி எச்சில், பாதி வார்த்தை. அவள் குனிந்து காதைக் கொண்டுவந்தாள். தலையாட்டிவிட்டேன் என்றதும் நிமிர்ந்தாள். பிறகு தினேஷுக்குப் போன் போட்டு அதட்டினாள். அவன் உடனே, சரி பெரியம்மா, ஒண்ணும் செய்யமாட்டோம் என்றான். போனை என்னிடம் நீட்டினாள். நான் பேசினேன், அவனுக்குக் காற்றுத்தான் கேட்டிருக்கும். அண்ணே ரெஸ்ட் எடுங்க என்று வைத்துவிட்டான். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவன் கட்டாயம் செய்வான் என்றாள் அம்மா.

அவள் முந்தானையால் என் வாயோரத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "நீ தலையாட்டுனத அஞ்சு பேரு பாத்தாங்கல்ல. இல்லன்னு ஆட்டுறதையும் அந்த அஞ்சு பேரும் பாக்கணும்."

ஆஸ்பத்திரியில் இருந்து என்னை விட இருந்தது அடுத்த வாரம். நான் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி டொக்டர் அம்மாவிடம் கொடுத்தேன். இந்த முறை அவருக்கு எழுதினேன். அவர் நின்றபடியே வாசித்து, காய்ச்சல் அட்டையைப் பார்த்து, சீழ் வற்றிவிட்டதா என்று வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தார். சனிக்கிழமை போகலாம் என்றார். மாத்திரையைத் தூளாக்கிக் கரைத்துக் கொடுக்கும் விதத்தை அம்மாவுக்குச் சொன்னார். பிறகு கையில் குறட்டைக் கொடுத்தார். மலைப்பாதை, பஸ், வளைவு, வாந்தி, அவருக்கு அதுதான் பயம்.

"வாந்தி வந்தால் யோசிக்கக் கூடாது, வெட்டுங்கள். தாடையை நான் திரும்பக் கட்டுவேன். மூச்சைக் கட்ட எனக்குத் தெரியாது."

எனக்குச் சின்ன வயதில் இருந்தே பஸ் ஒத்துக்கொள்ளாது. கினிகத்தேனை வளைவுகளில் நான் எடுத்த வாந்திக்கு அளவே இல்லை. சிவராஜ்தான் எப்போதும் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்து, முகர்ந்துகொள்ளத் தேசிக்காயை, எலுமிச்சையை, கையில் திணிப்பான்.

சமிந்த தன் கூட்டாளி டிரைவருக்குப் போனில் எழுதிவிட்டான். அந்த பஸ் எங்களுக்காக ஸ்டாண்டில் நின்றது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு எனக்கு. அம்மா என்ஜின் பெட்டிமேல் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒரு கையில் குறடு, மறுகையில் தேசிக்காய். காலையில் இருந்து நான் வெறும் வயிறு. அந்த மனுஷன் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். அவர் கண்ணாடி வழியாக என் அம்மாவின் கையைக் காட்டினார். குறட்டைப் பார்த்ததும் பஸ் அமைதியாகிவிட்டது.

கினிகத்தேனைக்கு மேலே ஒரு வளைவில் அது வந்தது. வயிறு சுருண்டு தொண்டைக்கு ஏறியது. வாயில் எச்சில் ஊறியது, போக இடமில்லை. நான் அம்மாவின் தோளைப் பிடித்தேன். டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அம்மா குறட்டின் நுனியை என் உதட்டுக்குள் வைத்தாள். இரும்பு பல்லில் பட்டது. ஆஸ்பத்திரியில் நடுங்கிய அந்தக் கை அப்போது நடுங்கவில்லை. அவள் வெட்டத் தயாராக இருந்தாள், அந்த நிமிஷத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. மூக்கால் இழுத்தேன். குளிர்ந்த காற்று, ஈரத் தேயிலை வாசம். இன்னொரு தடவை இழுத்தேன். வந்தது வந்தவழியே இறங்கியது. பஸ்ஸில் யாரோ தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்கள், அம்மா அதில் முகத்தைக் கழுவிவிட்டாள். நான் அழுதது தண்ணீரோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானும் அம்மாவும் போக்கு வளைவுக்குப் போனோம். தினேஷும் நாலு பேரும் தேயிலைக்குள் இருந்து எழுந்தார்கள். ஒருவன் கையில் பொல்லுத் தடி இருந்தது. அண்ணே, நீங்க எதுக்கு வந்தீங்க என்று தினேஷ் பதறினான். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர்களுக்கு விளங்கவில்லை. பெரியம்மா சொல்லிக் கூட்டிவந்திருக்கிறாங்க என்றான் ஒருவன். நான் திரும்பவும் ஆட்டினேன். தாடை விண்ணென்றது.

அப்போது சிவராஜ் வந்தான். கையெழுத்து வைத்துவிட்டுத் தனியாக வந்தான். தொப்பி இல்லை. மெலிந்திருந்தான், முதுகு கொஞ்சம் கோணலாக இருந்தது. எங்களைக் கண்டதும் நின்றான். ஓடவில்லை. என் வாயைத்தான் பார்த்தான், அதில் இருந்த கம்பியை.

தலையை ஆட்டி மட்டும் இது தீராது என்று எனக்கு அப்போது தெரிந்தது. முச்சந்தியில் நான் போட்டதை நானே எடுக்கவேண்டும். கடையில் நடந்ததை இங்கே இதுவரைக்கும் ஒருவன், மற்றவன் என்று மூடி எழுதியதும் அதனால்தான். அந்த ஐந்து பேரையும் பக்கத்தில் வரச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகப் பல்லிடுக்கால் தள்ளினேன்.

"கடையில அறை வாங்குனது அவன் இல்ல. நான். ரொட்டி வாங்கிக் குடுத்தது அவன்."

தினேஷுக்கு முதலில் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவள்தான் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள், என் மகன்தான் அறை வாங்கினான் என்று, ஊருக்கே சொல்வதுபோல. அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போனது என்பதை நான் எழுதப்போவதில்லை. கட்டையைத் திரும்ப வைத்ததையும் சொன்னேன். அவன் வைக்காவிட்டால் உன் தங்கச்சி தட்டோடு சில்லுக்கடியில் போயிருப்பாள் என்றேன் பொல்லு வைத்திருந்தவனிடம். அவன் பொல்லைக் கீழே போடவில்லை, ஆனால் ஊன்றிக்கொண்டான்.

முச்சந்தியில் சிவராஜ் ஒரே வார்த்தையில் என்னை மடக்கியிருக்கலாம். அடி வாங்கினது நீதானே என்று கேட்டிருந்தால் அன்றைக்குச் சிரிப்பு முழுக்க என் பக்கம் திரும்பியிருக்கும். அதை அவன் சொல்லவில்லை. சொல்லாததற்குப் பதிலாக அடித்தான். அடித்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. என் தாடைக்குத் தெரியும் அது சரியில்லை என்று. அவன் வாயைத் திறந்திருந்தால் கை ஓங்கியிருக்காது, நான் வாயை மூடியிருந்தாலும் ஓங்கியிருக்காது. இருவருமே கூட்டத்துக்குப் பயந்தோம்.

சிவராஜ் அம்மாவைப் பார்த்து, வாறேங்கம்மா என்றான். எங்களைக் கடந்து கீழே இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. வளைவு திரும்பும்வரை நான் அவன் முதுகையே பார்த்தேன். திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் கம்பியை எடுத்தார்கள். வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. பிறகு பயிற்சி செய்யச்செய்யத் திறக்கும் என்றார் டொக்டர் அம்மா. இடப்பக்கக் கீழுதட்டில் நரம்பு நசுங்கிப்போனதால் அந்த இடம் மரத்துவிட்டது. தேத்தண்ணி வடிந்தாலும் எனக்குத் தெரியாது, அம்மாதான் துடைக்கச் சொல்வாள். பொலிஸில் என் பேச்சையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். வழக்கு அதன் பாட்டில் போகிறது. அம்மா அந்தக் குறட்டை மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் பழைய கடைக்குப் போகவில்லை. சிவராஜும் போகவில்லை. ராகலைப் பக்கம் மரக்கறி மூட்டை ஏற்றுகிற இடத்தில் வேலைக்கு நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். பேசுகிற அளவுக்கு வாய் திறந்ததும் முதலில் அவனுக்குத்தான் போன் எடுத்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தான். நான்தான் என்றேன். மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டான்.

"இப்ப ரொட்டி மெல்ல முடியுதாடா?"

இன்னும் தேத்தண்ணியில் நனைத்துத்தான் என்றேன். ம் என்றான். வைத்துவிட்டான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் பேச்சு இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவனாக இருக்குமோ என்று எழுந்து ஓடுகிறேன்.

அடுத்த மாதம் திருவிழா. இரண்டு டிவிசன் பெரியவர்களும் இந்த முறை முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகிறார்கள். மேலே முதலா, கீழே முதலா என்று என்னையும் கேட்டார்கள், வாய் உடைந்தவன் என்ற மரியாதையில். எங்கே முதலில் போனாலும் எனக்குச் சம்மதம் என்றேன். சில்லுக்குக் கட்டை போட அவன் வரவேண்டும்.